அற்புதத்தைக் கீழே வைத்த சாது

சனத்நகர் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேரும் தமிழர் ஒருவரின் பெயர் சுந்தர்சிங் என்று இருந்துவிட்டால், வருகைப் பதிவேட்டைப் புரட்டும் தெலுங்கு நண்பர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். தலைப்பாகையைத் தேடுவார், இராது. தாடியைத் தேடுவார், அதுவும் இராது. சொந்த ஊர் எது என்று கேட்டால் நாசரேத் என்றோ, சாத்தான்குளம் என்றோ, மார்த்தாண்டம் என்றோ பதில் வரும். பஞ்சாபிப் பெயர் தாமிரபரணிக் கரைக்கு வந்த கதையைச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் இடைவேளை தீர்ந்துவிடும்.

அந்தப் பெயருக்கு உரியவர் சாது சுந்தர்சிங். காவி அங்கியும் வெறுங்காலுமாக இமயமலைக் கிராமங்களில் அலைந்த கிறிஸ்தவத் துறவி. அவர் தமிழ்நாட்டில் தங்கியிருந்த நாட்கள் மிகக் குறைவு. ஆனாலும் அவர் வந்துபோன பிறகு தென் மாவட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கத் தொடங்கின. இன்றும் வைக்கின்றன.

சனத்நகரில் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருப்பதால், மருந்தும் வேண்டுதலும் ஒரே கட்டிலில் இருப்பதை அந்தப் பகுதித் தொழிலாளர் குடும்பங்கள் நன்றாக அறியும். கால்மாட்டில் டாக்டர் எழுதிய அட்டை தொங்கும். தலையணைக்கு அடியில் வேளாங்கண்ணி மாதா படமோ, திருநீற்றுப் பொட்டலமோ, சிறிய புதிய ஏற்பாடோ இருக்கும். பார்வையாளர் நேரத்தில் நோயாளியின் தலையில் கைவைத்து ஜெபிக்க யாராவது வருவார்கள். குணமானால் யாருக்கு நன்றி சொல்வது? குணமாகாவிட்டால் யாரை நொந்துகொள்வது? சுந்தர்சிங்கின் வாழ்க்கையிலும் ஒரு நோயாளியின் கட்டிலருகே இதே கேள்வி எழுந்தது. அதற்கு அவர் கண்ட விடை அவரைக் கொண்டாடியவர்களில் பலருக்கே உவப்பாக இருந்திராது.

ராம்பூர்ப் பிள்ளை

பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானத்தைச் சேர்ந்த ராம்பூர் கிராமத்தில் 1889-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி சுந்தர்சிங் பிறந்தார். தந்தை சேர்சிங் வசதியுள்ள சீக்கியர். தாயார் பக்தி மிகுந்தவர். சாதுக்களின் காலடிக்கு மகனை அழைத்துச் சென்று, இவனும் ஒருநாள் சாதுவாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். சுந்தருக்குப் பதினான்கு வயது இருக்கும்போது அந்தத் தாய் இறந்துபோனார்.

தாயை இழந்த பையனின் துக்கம் கோபமாக மாறியது. ஊரில் இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தின் மீதும், அங்கே கற்பித்த வேதாகமத்தின் மீதும் அந்தக் கோபம் பாய்ந்தது. 1904 டிசம்பர் 16-ந் தேதி வீட்டு முற்றத்தில் வேதப் புத்தகத்தைக் கிழித்துத் தீயிலிட்டார். அதில் திருப்தி வரவில்லை. இருந்த அமைதியும் போயிற்று. மறு இரவு தூக்கம் இல்லை. 18-ந் தேதி விடியுமுன் எழுந்து, அந்தக் குளிரில் தண்ணீரில் குளித்துவிட்டு, கடவுள் ஒருவர் இருந்தால் தமக்குத் தோன்ற வேண்டும், இல்லையேல் விடிகாலையில் ஊர் வழியாகப் போகும் ரயிலுக்குமுன் தலைவைத்துவிடுவது என்ற முடிவோடு பிரார்த்தனையில் உட்கார்ந்தார். கிருஷ்ணனோ புத்தரோ வரக்கூடும் என்று எதிர்பார்த்தவருக்கு, ஒளியின் நடுவே இயேசுநாதர் காட்சி தந்தார் என்பது அவர் கடைசிவரை மாற்றாமல் சொல்லிவந்த அனுபவம். இதை நம்புவோர் உண்டு. மனத்தின் தோற்றம் என்போரும் உண்டு. தண்டவாளத்துக்குப் போக இருந்த பையன் போகவில்லை என்பது மட்டும் யாரும் மறுக்காத விஷயம்.

பின்னர் நடந்தவை வேகமானவை. குடும்பம் கெஞ்சிப் பார்த்தது, மிரட்டிப் பார்த்தது, முடிவில் வீட்டைவிட்டு வெளியேற்றியது. கடைசியாக அவர் வீட்டில் சாப்பிட்ட சோற்றில் விஷம் கலந்திருந்தது. வைத்தியர் கைவிட்ட நிலையிலிருந்து மீண்டார் என்று அவர் வரலாறு கூறுகிறது. 1905 செப்டம்பர் 3-ந் தேதி, தமது பதினாறாவது பிறந்த நாளில், சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். ஒரு மாதம் சென்றதும் காவி உடுத்தார். தாயார் விரும்பியபடியே சாதுவானார்; தாயார் நினைத்த வழியில் அல்ல.

குட்டநோயாளர் நடுவே

சாது என்றதும் மலைக்குகையும் தவமும் நம் நினைவுக்கு வரும். சுந்தர்சிங் தொடக்கக் காலத்திலேயே போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று, சிம்லா மலைச்சாரலில் சபாத்து என்ற ஊரில் இருந்த குட்டநோயாளர் இல்லம். அங்கே அவருக்கு அமெரிக்கரான சாமுவேல் ஸ்டோக்ஸின் துணை கிடைத்தது. (பிற்காலத்தில் இமாசலப் பிரதேசத்து மலைகளில் அமெரிக்க ஆப்பிள் ரகங்களைப் பயிரிட்டுப் பரப்பியவர் இந்த ஸ்டோக்ஸ்தான். மார்க்கெட்டில் சிம்லா ஆப்பிள் என்று கூவி விற்பதில் அவருக்கும் பங்கு உண்டு.) லாகூரில் பிளேக் முகாமிலும் சுந்தர்சிங் தொண்டு செய்தார்.

இந்தக் காலத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். குட்டநோயைத் தீர்க்கும் மருந்து அன்று உலகில் எங்கும் இல்லை. சல்போன் மருந்துகள் பயனுக்கு வந்தது 1940-களில். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் இன்றைய சிகிச்சை முறை 1980-களில்தான் வந்தது. சுவிசேஷத்தில் இயேசுநாதர் குட்டநோயாளியைத் தொட்டார், அவன் சுத்தமானான் என்று படித்துவிட்டு அந்த இல்லத்துக்குள் நுழையும் பதினாறு, பதினேழு வயது இளைஞன் என்ன எதிர்பார்த்திருப்பான்? தொட்டவுடன் குணமாகும் என்று எதிர்பார்த்தானோ என்னவோ, அவனுக்குக் கிடைத்தது தினந்தோறும் செய்ய வேண்டிய பணிவிடை. இல்லத்தில் இருந்தவர்கள் நோயோடுதான் தொடர்ந்து வாழ்ந்தார்கள். தொடுவாரில்லாதவர்களைத் தொட ஓர் ஆள் வந்தான், அவ்வளவுதான். பின்னாளில் அற்புதத்தைப் பற்றி அவர் எடுத்த நிலைக்கு வித்து இங்கே விழுந்திருக்க வேண்டும்.

1908-ல் முதன்முறையாகத் திபெத்துக்குப் போனார். பிறகு லாகூரில் இறையியல் கல்லூரியில் சில காலம் படித்தார். போதகர் வேலைக்கான அனுமதி கிடைத்தது. ஆனால் குறிப்பிட்ட எல்லைக்குள்தான் பிரசங்கிக்க வேண்டும் என்று தெரிந்ததும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1913-ல் நாற்பது நாள் உபவாசம் இருக்க முயன்று குற்றுயிராகக் கிடந்தார். அவர் இறந்துவிட்டதாகவே தந்திகள் பறந்தன.

இலங்கையில் ஒரு தாய்

1918-ஆம் ஆண்டு தென்னாட்டுக்கு வந்தார். சென்னை, திருநெல்வேலிச் சீமை, திருவிதாங்கூர் என்று பயணம் தொடர்ந்தது. தமிழோ மலையாளமோ தெரியாது. மொழிபெயர்ப்பாளர் துணையோடுதான் பேசினார். ஆனால் கோட்டும் சூட்டும் அணிந்த வெள்ளைக்காரப் போதகர்களையே கண்டு பழகிய மக்களுக்கு, நம் நாட்டுச் சந்நியாசி கோலத்தில் ஒருவர் கிறிஸ்துவைப் பற்றிப் பேசியது புதுமையாக இருந்தது. ஆயிரக்கணக்கில் கூடினார்கள். திருவிதாங்கூரில் ஊழியம் செய்த பார்க்கர் அம்மையார் அந்த நாட்களிலேயே அவர் வரலாற்றை எழுதி வெளியிட்டார்.

அங்கிருந்து இலங்கைக்குப் போனார். அங்கேதான் அந்தச் சம்பவம் நடந்தது.

மருத்துவமனை ஒன்றில் ஒரு சிறுவன் சாகும் தறுவாயில் கிடந்தான். டாக்டர்கள் நம்பிக்கை இழந்துவிட்டார்கள். பையனின் தாய் சாதுவிடம் ஓடிவந்து, ஒருமுறை வந்து கைவைத்து ஜெபித்தால் போதும் என்று அழுதார். தம் கைகளில் எந்தச் சக்தியும் இல்லை என்று சாது மறுத்துப் பார்த்தார். தாயார் விடவில்லை. எந்தத் தாய் விடுவாள்? சாது போனார், பையன் மீது கைவைத்து ஜெபித்தார். சில நாட்கள் கழித்து நடந்த கூட்டத்தில் அந்தத் தாய் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகன் இருந்தான்.

இதோடு கதை முடிந்திருந்தால் அது சாட்சிக் கூட்டங்களில் சொல்லப்படும் ஆயிரம் கதைகளில் ஒன்றாகியிருக்கும். செய்தி ஊரெல்லாம் பரவியது. ஜனங்கள் வந்தார்கள். ஆனால் அவர்கள் வந்தது சாதுவின் கைகளைத் தேடி. தம்மால் ஆனது ஒன்றுமில்லை, ஜெபத்தைக் கேட்டவர் கிறிஸ்து என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்; யார் காதிலும் ஏறவில்லை. கண்ணெதிரே இருக்கும் கையை விட்டுவிட்டுக் காணாத கையை நினைக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? இனி இப்படிச் செய்வதில்லை என்று சுந்தர்சிங் முடிவு செய்தார். சொல்ல வந்த செய்தியை அற்புதம் மறைத்துவிடுகிறது, மூடநம்பிக்கையை வளர்த்துவிடுகிறது என்பது அவர் கண்ட காரணம்.

அவருக்கு அப்போது வயது இருபத்தெட்டு. ஆயிரக்கணக்கான கூட்டம் காலடியில் இருந்தது. இந்த ஒரு சம்பவத்தை மூலதனமாக வைத்தே வாழ்நாள் முழுதும் புகழோடு இருந்திருக்கலாம். அப்படி இருந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

ஆனால் இந்த முடிவுக்கு ஒரு விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. முதலில் வந்த தாய்க்கு மகன் கிடைத்தான். முடிவு எடுத்த பிறகு வரும் தாய்மார்களின் கதி என்ன? மகன் மரணப் படுக்கையில் இருக்கும்போது செய்தி மறைகிறது, நோக்கம் திரிகிறது என்றெல்லாம் சொன்னால் அந்தத் தாய்க்கு விளங்குமா? இதற்குச் சாதுவின் வாழ்க்கையில் சுலபமான பதில் கிடையாது. நோயாளிகள் மீது அவருக்கு இரக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது; சபாத்து இல்லம் அதற்குச் சாட்சி. ஜெபத்தையும் அவர் விட்டாரில்லை. நாள்தோறும் விடிகாலையில் மணிக்கணக்கில் ஜெபித்தவர். சுகமளிப்பவர் என்ற பட்டத்தைத்தான் கீழே வைத்தார். கைவைத்தால்தான் கடவுள் கேட்பார் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டால், அந்தக் கை எட்டாத இடத்தில் இருக்கும் தாய்மார்கள் எல்லோரும் கடவுளே இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். அவர் மனத்தை உறுத்தியது இதுவாக இருக்கலாம்.

அடையாளம் எதற்கு?

சுந்தர்சிங் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. சுவிசேஷங்களை அவர் படித்தபடி நடந்தார், அவ்வளவே. நான்கு சுவிசேஷங்களிலும் நோய் தீர்த்த நிகழ்ச்சிகள் நிறைய உண்டு. ஆனால் யோவான் எழுதிய சுவிசேஷம் அவற்றை அடையாளங்கள் என்ற பெயரால் குறிப்பிடுகிறது. அடையாளம் என்றால் வேறொன்றைக் காட்டுவது. ரயில் நிலையத்தில் ஊர்ப்பெயர் எழுதிய பலகை, ஊர் வந்துவிட்டது என்று சொல்வதற்காக நிற்கிறது. பலகையைக் கட்டிக்கொண்டு பிளாட்பாரத்திலேயே குடியிருப்பவர் இல்லை.

குட்டநோய் நீங்கியவனிடம் இதை யாருக்கும் சொல்லாதே என்று இயேசுநாதர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியதை மாற்கு எழுதியிருக்கிறார். அவனோ போய் எல்லோரிடமும் சொன்னான். அதன் பலனாக இயேசுநாதர் வெளிப்படையாக ஊருக்குள் நுழைய முடியாமல் போயிற்று. பரிசேயர்கள் வானத்திலிருந்து ஓர் அடையாளம் காட்டும்படி கேட்டபோது மறுத்துவிட்டார். தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதித்துக் காட்டு என்று வந்த யோசனையைச் சாத்தானின் சோதனையாகவே மத்தேயு பதிவு செய்கிறார். பத்துக் குட்டநோயாளிகள் குணமானார்கள். நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் சமாரியன் என்ற அந்நியன். உடம்பு பத்துப் பேருக்குத் தேறியது, திரும்பி வந்த மனம் ஒன்றுதான்.

ஏழைகள், தீண்டத்தகாதவர்கள், ஊரார் ஒதுக்கி வைத்தவர்கள் ஆகியோரிடம் கடவுளின் அரசு வந்துவிட்டது என்று அறிவிப்பதே அந்த அற்புதங்களின் நோக்கம் என்று கிறிஸ்தவ அறிஞர்கள் விளக்குவார்கள். இரக்கமும் அதில் உண்டு. பல இடங்களில் மனதுருகினார் என்ற சொல் வருகிறது. கண்காட்சி மட்டும் அதில் இல்லை.

குணமாகாதவர்களையும் வேதாகமம் மறைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நோயாளிகளைக் குணமாக்கிய பவுல் அப்போஸ்தலர், தம் உடலில் தைத்த முள் ஒன்று நீங்கும்படி மூன்று முறை வேண்டியும் நீங்கவில்லை. துரோப்பீமு என்ற துணைவரை மிலேத்து என்னும் ஊரில் நோயாளியாகவே விட்டுவந்ததாக எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு அவர் சொன்னது கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளும்படி. விசுவாசம் போதவில்லை, அதனால்தான் நோய் தீரவில்லை என்று இன்று நோயாளியின் தலையிலேயே பழியைப் போடுகிறவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டுவதில்லை போலும்.

மனிதனின் உள்ளம் மாறுவதும், துன்பத்தின் நடுவே அமைதி கிடைப்பதுமே பெரிய அற்புதம் என்பது சுந்தர்சிங் ஊர் ஊராகச் சொன்னது. அவர் சொந்த வீட்டிலேயே அது நடந்தது. பிள்ளையை வெளியேற்றிய சேர்சிங், பல ஆண்டுகளுக்குப் பிறகு மகனை ஏற்றுக்கொண்டார், தாமும் கிறிஸ்தவரானார். 1920-ல் மகன் இங்கிலாந்து போவதற்குக் கப்பல் செலவைக் கொடுத்தவர் அந்தத் தந்தைதான்.

கணக்குக் கேட்டவர்கள்

1920-ல் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா. 1922-ல் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஸ்வீடன் முதலிய நாடுகள். போன இடமெல்லாம் கூட்டம். ஆக்ஸ்போர்டு அறிஞர் ஸ்ட்ரீட்டரும், அங்கே படித்துக்கொண்டிருந்த பாளையங்கோட்டைத் தமிழர் ஏ.ஜே. அப்பாசாமியும் சேர்ந்து அவரைப் பற்றி எழுதிய நூல் 1921-ல் வெளிவந்தது. இந்த அப்பாசாமி 1950-ல் கோயம்புத்தூர்ப் பேராயரானவர்.

புகழோடு சோதனையும் வந்தது. சுகமளிக்கும் ஊழியத்தை விட்டவர், தம் வாழ்வில் நடந்ததாக வேறு அதிசயங்களைச் சொல்லியிருந்தார். திபெத்தில் ராசர் என்ற இடத்தில் பிணங்கள் கிடந்த பாழ்கிணற்றில் தள்ளி மூடிவிட்டார்கள் என்றும், மூன்றாம் இரவு யாரோ கயிறுவிட்டுத் தூக்கினார்கள் என்றும், கிணற்றின் சாவியோ லாமாவின் இடுப்பிலேயே இருந்தது என்றும் சொன்னார். கைலாச மலையில் மிக வயதான கிறிஸ்தவ மகரிஷி ஒருவரைக் கண்டதாகவும் சொன்னார். ஹோஸ்டன் என்ற சேசு சபைக் குரு, இவற்றுக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டுத் தேதியும் இடமும் ஒத்துப்பார்த்து எழுதினார். சூரிச் நகரின் பிஸ்டர் என்ற போதகர், மனோதத்துவ முறைப்படி ஆராய்ந்து குறை கூறினார். மார்பர்க் பேராசிரியர் ஹைலர் சாதுவுக்காக வாதாடினார். அவர் அப்போஸ்தலரா, ஏமாற்றுக்காரரா என்று ஐரோப்பாவில் புத்தகத்துக்குப் புத்தகம் பதில் வந்தது.

திபெத்துக் கதைகளை இன்று ஒருவர் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சாதுவின் அன்பர்களிலேயே சிலர் அவற்றைத் தியானத்தில் கண்ட காட்சிகள் என்று விளக்கப் பார்த்திருக்கிறார்கள். இலங்கையில் அவர் அஞ்சியது இங்கே வேறு வழியில் வந்து சேர்ந்தது என்றுதான் தோன்றுகிறது. கிறிஸ்துவைப் பற்றிப் பேச வந்தவரைச் சுற்றி, கிணற்றுச் சாவியைப் பற்றிய விசாரணை நடந்தது. சாது வழக்காடப் போகவில்லை. சபாத்துக்குத் திரும்பிவிட்டார்.

சபாத்து வீடு

இளமையில் குட்டநோயாளருக்குத் தொண்டு செய்த அதே ஊரில், புத்தகங்களால் வந்த பணத்தைக் கொண்டு ஒரு வீடு வாங்கியிருந்தார். அங்கிருந்து சிறு சிறு நூல்களாக எழுதினார். உடல்நிலை மோசமாகிக்கொண்டே வந்தது. இருதய நோய் பலமுறை தாக்கியது. ஒரு கண்ணில் பார்வை போயிற்று. வெறுங்காலோடு பனியில் நடந்த ஆண்டுகள் வட்டியோடு வசூலித்தன. இலங்கையில் ஒரு சிறுவனுக்காகக் கைவைத்து ஜெபித்தவர், தமக்கு அப்படி ஒரு சுகம் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டதாகத் தெரியவில்லை. படுக்க வேண்டியபோது படுத்தார். எழ முடிந்தபோது எழுதினார்.

1927-ல் மறுபடியும் திபெத்துக்குப் புறப்பட்டார். வழியில் கடுமையான இரத்தப்போக்கு ஏற்பட்டு, உடன் போனவர்கள் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நண்பர்கள் போக வேண்டாம் என்றார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1929 ஏப்ரல் 18-ந் தேதி நண்பர்களுக்குக் கடிதங்கள் எழுதிவைத்துவிட்டு, யாத்ரீகர்களும் வியாபாரிகளும் போகும் மலைப்பாதை வழியாகத் திபெத்துக்குக் கிளம்பினார். வயது முப்பத்தொன்பது.

திரும்பி வருவதாகச் சொன்ன காலம் கடந்தது. கடிதம் இல்லை. நண்பர்கள் அந்த மலைவழியில் தேடிப் போனார்கள். உடலும் கிடைக்கவில்லை, அவரைக் கண்டதாகச் சொல்ல ஆளும் கிடைக்கவில்லை. காலரா வந்து இறந்திருக்கலாம் என்றார்கள் சிலர். பனிச்சரிவில் விழுந்திருக்கலாம் என்றார்கள் வேறு சிலர். 1933-ல் அரசாங்கம் அவரை இறந்தவராக ஏற்றுக்கொண்டது.